படிப்பகத்துப் பழைய லேப்டாப்களில் லினக்ஸ்: வைஃபை கார்டை மாற்றுவதா, டாங்கிள் வாங்குவதா?

வியாசை_படிப்பகம்:
எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடியில எங்க தெருப் பிள்ளைங்களுக்காக மாலை நேரப் படிப்பகம் ஒண்ணு நடத்துறோம். ஓஎம்ஆர்ல இருக்கற ஒரு ஐடி கம்பெனி, ஆபீஸ்ல கழிச்ச பன்னிரண்டு லேப்டாப்பைக் கொடுத்திருக்காங்க. டிஸ்கைத் துடைச்சுட்டுத்தான் தந்தாங்க, விண்டோஸ் கிடையாது. எல்லாத்துலயும் லினக்ஸ் மின்ட் 22 போட்டுட்டேன். கீபோர்டு, ஸ்க்ரீன், ஆடியோ எல்லாம் அருமை. வைஃபைதான் படுத்துது. சிலதுல போட்டவுடனே வந்துடுச்சு. சிலதுல வருது, பத்து நிமிஷத்துல போயிடுது. இன்னும் சிலதுல வைஃபைங்கிற பேச்சே இல்ல. ஒரே ரூம், ஒரே ரவுட்டர். லேன் கேபிள் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கல.

ரிச்சி ஸ்ட்ரீட் போய் யுஎஸ்பில சொருகற வைஃபை டாங்கிள் வாங்கிடலாமா, இல்ல உள்ள இருக்கற கார்டையே மாத்தறது நல்லதா? பணம் நண்பர்கள் போட்டதுதான், ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது.

தரமணி_டக்ஸ்:
நல்ல காரியம் பண்றீங்க. முதல்ல எந்தச் சிப்புன்னு தெரியணும். லேப்டாப் மாடல் நம்பரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரே மாடல்லயே ஒரு பேட்ச்ல ஒரு கார்டு போட்டிருப்பான், அடுத்த பேட்ச்ல வேற.

டெர்மினல் திறந்து எல்எஸ்பிசிஐ கட்டளையோட -என்என்கே சேர்த்து ஓட்டுங்க (இங்க தமிழ்ல எழுதறேன், நீங்க ஆங்கில எழுத்துல அடிங்க). 'நெட்வொர்க் கண்ட்ரோலர்'னு வர்ற வரியைப் பாருங்க. அதுல சிப் பேரும், கடைசியில அடைப்புக்குள்ள ஒரு அடையாள எண்ணும் இருக்கும். அதுக்குக் கீழ 'கர்னல் டிரைவர் இன் யூஸ்'னு ஒரு வரி இருக்கா? இருந்தா டிரைவர் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அந்த வரியே இல்லன்னா அந்தக் கார்டை ஏத்துக்க ஆளில்ல. ஒவ்வொரு மெஷினுக்கும் இதை எழுதி அனுப்புங்க.

ரிச்சித்தெரு_ரிப்பேர்:
இன்னொண்ணும் பாருங்க சார். ஆபீஸ் லேப்டாப்ல நிறைய மாடலுக்குப் பக்கவாட்டுல சின்னதா ஒரு வைஃபை ஸ்விட்ச் இருக்கும். ஆர்எஃப்கில் லிஸ்ட்னு கட்டளை அடிச்சா 'ஹார்ட் பிளாக்டு: எஸ்'னு வந்தா அந்த ஸ்விட்சையோ ஃபங்ஷன் கீயையோ தேடுங்க. அதுக்கு சாஃப்ட்வேர்ல மருந்து கிடையாது.

வியாசை_படிப்பகம்:
பார்த்தேன். மூணு வகைதான் இருக்கு. அஞ்சு மெஷின்ல ஏதெரோஸ் ஏஆர்9485, இதெல்லாம் நல்லா ஓடுது. மூணுல ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ, இதுதான் விட்டு விட்டுப் போகுது. நாலுல பிராட்காம் பிசிஎம்43142, இதுக்கு டிரைவர் வரியே வரல. ஸ்விட்ச் எதுவும் இல்ல, ஆர்எஃப்கில் சுத்தமா இருக்கு.

தரமணி_டக்ஸ்:
இப்ப பேசலாம்.

ஏஆர்9485 இருக்கற அஞ்சையும் தொடாதீங்க. அதுக்கு ஏத்9கே டிரைவர். 2008 ஜூலையில ஏதெரோஸ் கம்பெனியே மூலநிரலோட வெளியிட்டது, அந்த வருஷமே லினக்ஸோட மையப் பகுதியான கர்னல்ல, 2.6.27 வெர்ஷன்ல சேர்ந்துடுச்சு. கார்டுக்குள்ள ஓடற ஃபர்ம்வேர்ங்கற நிரல் ஃபைலைக்கூடத் தனியா ஏத்த வேண்டாம். அதனாலதான் எந்த லினக்ஸ் வகை (டிஸ்ட்ரோ) போட்டாலும் பேசாம ஓடுது. 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது, அது ஒண்ணுதான் குறை.

8821சிஇ: இதுக்கு ஆர்டிடபிள்யூ88 டிரைவர் 5.9 கர்னல்லேர்ந்து உள்ளேயே இருக்கு. மின்ட் 22 வர்றது 6.8 கர்னலோட, அதனால டிரைவர் பிரச்சினை இல்ல. இந்தச் சிப் மின்சேமிப்பு நிலைக்குப் போனா சில போர்டுகள்ல ஒழுங்கா எழுந்து வராது. ரெண்டு இடத்துல கை வைக்கணும். நெட்வொர்க்மேனேஜரோட கான்ஃப்.டி ஃபோல்டர்ல வைஃபை பவர்சேவ்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல 3ன்னு இருக்கறதை 2 ஆக்குங்க. 2ன்னா மின்சேமிப்பு வேண்டாம்னு அர்த்தம். அப்புறம் மாட்ப்ரோப்.டி ஃபோல்டர்ல புதுசா ஒரு ஃபைல் போட்டு, ஆர்டிடபிள்யூ88_பிசிஐ மாட்யூலுக்கு டிசேபிள்_ஏஎஸ்பிஎம்=1னு ஒரு ஆப்ஷன் வரி எழுதி ரீபூட் பண்ணுங்க. பெரும்பாலும் இதோட அடங்கிடும். பேட்டரி கொஞ்சம் கூட செலவாகும், படிப்பகத்துல சார்ஜர்லதானே ஓடும்.

பிசிஎம்43142தான் தலைவலி. கர்னலுக்குள்ள இருக்கற பி43 டிரைவரும் சரி, 2010ல பிராட்காம் திறந்து கொடுத்த டிரைவரும் சரி, இந்தச் சிப்பைத் தொடறதில்ல. பிராட்காமோட மூடின டிரைவர் 'டபிள்யூஎல்'னு ஒண்ணு உண்டு, அதுலதான் ஓடும். மின்ட்ல டிரைவர் மேனேஜர் திறந்தா அதுவே காட்டும். அதை இறக்க நெட் வேணுமே? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிள்ல சொருகி டெதரிங் போடுங்க, அது எந்த டிரைவரும் கேக்காம வந்துடும்.

ஆனா என்னைக் கேட்டா, அந்த நாலுலயும் கார்டை மாத்திடுங்கன்னுதான் சொல்வேன். டபிள்யூஎல் டிரைவரை பிராட்காம் கடைசியா வெளியிட்டது 2015ல. அதுக்கப்புறம் கர்னல் மாறும்போதெல்லாம் டிஸ்ட்ரோக்காரங்க ஒட்டுப் போட்டு ஓட்டிட்டிருக்காங்க. ஒரு பேட்ச் தாமதமானா உங்க நாலு மெஷினும் சேர்ந்து படுத்துக்கும்.

ரிச்சித்தெரு_ரிப்பேர்:
சரியாச் சொன்னீங்க அண்ணா. நம்ம தெருவுல டாங்கிள் வாங்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: டப்பா மேல இருக்கற பேரை நம்பி வாங்காதீங்க, உள்ள எந்தச் சிப்புன்னு பாருங்க.

பேர் பெத்த உதாரணம் டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என். முதல் வெர்ஷன்ல ஏதெரோஸ் ஏஆர்9271 இருந்துச்சு. லினக்ஸ்காரங்க எல்லாம் அதைத்தான் தேடித் தேடி வாங்குவாங்க. ரெண்டாவது வெர்ஷன்லேர்ந்து உள்ள ரியல்டெக் 8188இயுஎஸ். அதே பேர், அதே மாடல் நம்பர், அதே ஆன்டெனா. ஸ்டிக்கர்ல 'வெர்'னு பொடி எழுத்துல இருக்கற நம்பர் மட்டும்தான் வித்தியாசம். பழைய பதிவைப் படிச்சுட்டு வந்து இதுதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போறவங்க இன்னிக்கும் இருக்காங்க.

ரெண்டாவது, சின்ன நகம் சைஸ் டாங்கிள். சொருகினா லினக்ஸ்ல சிடி டிரைவ்னு காட்டும். அதுக்குள்ள விண்டோஸ் டிரைவரை வெச்சிருப்பான். அந்த சிடியை எஜெக்ட் பண்ணாத்தான் நிஜமான வைஃபை சிப் வெளிய வரும். யுஎஸ்பி_மோட்ஸ்விட்ச் பேக்கேஜ் இருந்தா பெரும்பாலும் அதுவே பண்ணிடும்.

வாங்கப் போகும்போது மின்ட் லைவ் பென்டிரைவோட ஒரு லேப்டாப்பை எடுத்துட்டுப் போங்க. கடையிலேயே சொருகி எல்எஸ்யுஎஸ்பி அடிச்சுப் பார்த்து, நெட்வொர்க் லிஸ்ட் வந்தாத்தான் பணம். எதுவும் சொல்ல மாட்டாங்க, டெஸ்டிங் பண்ணித்தான் கொடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை வராதீங்க, முக்கால்வாசி கடை மூடியிருக்கும்.

கட்டற்ற_கணியன்:
இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒரு கருத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளை அறிமுகம் செய்யும் இடம் படிப்பகம். அங்கே மூடிய ஃபர்ம்வேர் தேவைப்படாத கார்டையே தேர்ந்தெடுங்கள். ஏஆர்9271 சிப்புக்கு டிரைவர் மட்டுமல்ல, சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேரின் மூலநிரலும் வெளியே கிடைக்கிறது. பிழை இருந்தால் யாரும் திருத்தலாம். மற்ற நவீன கார்டுகளில் நிறுவனம் கைவிட்ட நாளோடு பாதுகாப்புத் திருத்தமும் நின்றுவிடும். யாரும் உள்ளே பார்க்க முடியாது.

இந்த நிலை தானாக வந்ததல்ல. பழைய ஏதெரோஸ் கார்டுகளுக்கு நிறுவனம் வன்பொருளோடு பேசும் ஹால் என்ற மூடிய அடுக்கை மட்டுமே தந்தது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் அதைப் பிரித்து ஆராய்ந்து தாங்களே எழுதினார்கள். அந்த உழைப்பின் மேல்தான் லினக்ஸின் ஏத்5கே டிரைவர் எழுந்தது. அதன் பிறகே நிறுவனம் ஏத்9கே தந்தது. வாங்குகிறவர்கள் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் எந்த நிறுவனமும் திறக்காது.

தரமணி_டக்ஸ்:
கணியன் சார், உங்க கொள்கை மேல எனக்கு மரியாதை உண்டு. ஏஆர்9271 நானும் வெச்சிருக்கேன். ஆனா அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், அதுவும் ஒரே ஸ்ட்ரீம். வியாசர்பாடி மாதிரி வீட்டோட வீடு ஒட்டின இடத்துல 2.4ல ஸ்கேன் போட்டுப் பாருங்க, திரை நிறைய நெட்வொர்க் வரும். ஏற்கனவே அஞ்சு மெஷின் அதுலதான் ஓடப்போகுது. மீதியையும் அங்கயே தள்ளினா வீடியோ பாடம் ஒண்ணுகூட ஓடாது. நாலையாவது 5க்கு ஏத்தினாத்தான் மத்தவங்களுக்கும் காத்து வரும்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லணும். ஃபர்ம்வேர் ஓடறது கார்டுக்குள்ள இருக்கற தனிச் சில்லுல. டபிள்யூஎல் மாதிரி மூடின டிரைவர் ஓடறது நம்ம கர்னலுக்குள்ளயே. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க எனக்கு மனசு வரல. டெபியன் லினக்ஸ்காரங்களே 2022 அக்டோபர்ல வாக்கெடுப்பு நடத்தி, கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ இன்ஸ்டாலர்லயே சேர்க்கறதுன்னு முடிவெடுத்தாங்க. 2023 ஜூன்ல வந்த டெபியன் 12லேர்ந்து அதுதான் நடைமுறை. அதுக்கு முன்னாடி, வைஃபை வர ஃபர்ம்வேர் வேணும், ஃபர்ம்வேர் இறக்க வைஃபை வேணும்னு புதுசா வர்றவங்க திணறிட்டிருந்தாங்க.

கட்டற்ற_கணியன்:
அந்த வாக்கெடுப்பு முடிவில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கர்னலுக்குள் ஓடுவதும் கார்டுக்குள் ஓடுவதும் வேறு என்பதை ஏற்கிறேன். பிள்ளைகளுக்கு அந்த வேறுபாட்டையாவது சொல்லிக்கொடுங்கள். ஏஆர்9485 மெஷின் ஒன்றையும் இன்டெல் மெஷின் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, எதில் ஃபர்ம்வேர் ஏறுகிறது, எதில் ஏறவில்லை என்று கர்னலின் செய்திப் பதிவான டிமெசெக்கைக் காட்டினால் ஒரு மணி நேர வகுப்புக்கு அதுவே போதும்.

லேப்_நிர்வாகி_கிண்டி:
ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேப்பைப் பார்த்துக்கறேன். வெளியில இருந்து டிகேஎம்எஸ் வழியா (கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் திரும்பக் கம்பைல் பண்ற ஏற்பாடு) டிரைவர் போடறதைப் பத்தி நானும் சொல்லணும்.

எங்க லேப்புக்கு வாங்கின டாங்கிளுக்கு கிட்ஹப்ல இருந்து எடுத்த டிரைவர்தான் வழி. மாடல் எக்ஸாம் அன்னிக்குக் காலையில முந்தின நாள் ராத்திரி தானா அப்டேட் ஆன கர்னலோட எல்லா மெஷினும் எழுந்துச்சு. புது கர்னலுக்கு அந்த டிரைவர் கம்பைல் ஆகவே இல்ல. ஒரு சிஸ்டத்துலயும் நெட் இல்ல. பிள்ளைங்க வரிசையில நிக்கறாங்க. கிரப் மெனுவுல ஒவ்வொண்ணா பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்துத்தான் அன்னிக்கு எக்ஸாமை நடத்தினோம்.

அதோட செக்யூர் பூட், அதாவது கையெழுத்து இருக்கற மென்பொருளை மட்டும் ஓடவிடற பாதுகாப்பு. ஆபீஸ் லேப்டாப்ல அது ஆன் ஆகித்தான் இருக்கும். டிகேஎம்எஸ் மாட்யூலுக்குக் கையெழுத்து இல்லன்னா கர்னல் உள்ள விடாது. டிரைவர் நல்லா இன்ஸ்டால் ஆன மாதிரியே காட்டும், வைஃபை மட்டும் வராது. ரீபூட்ல நீலத் திரையில 'என்ரோல் எம்ஓகே'னு கேக்கும்போது, முன்னாடி வெச்ச பாஸ்வேர்டைக் கொடுக்கணும். அதைத் தாண்டிப் போயிட்டா திரும்ப முதல்லேர்ந்து பண்ணணும். பன்னிரண்டு மெஷினுக்கு இதை யார் உக்காந்து பண்றது? கர்னலுக்குள்ளயே டிரைவர் இருக்கற சிப்பைத் தவிர வேற எதையும் வாங்காதீங்க.

இதுல ஒரு பேரை நன்றியோட சொல்லணும். ரியல்டெக் டிரைவர் விஷயத்துல வருஷக்கணக்கா நமக்கெல்லாம் கை கொடுத்தவர் லாரி ஃபிங்கர். பி43லயும் அவர் வேலை இருக்கு. 2024 ஜூன்ல காலமாயிட்டார். இன்னிக்கு மலிவு லேப்டாப்ல லினக்ஸ் போட்டவுடனே வைஃபை வருதுன்னா அவர் மாதிரி சிலர் உக்காந்து எழுதினதாலதான்.

பெரம்பூர்_பிஎஸ்டி:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். லினக்ஸுக்குப் பதிலா ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் போட்டுப் பார்க்கலாமான்னு யாராவது கேப்பீங்கன்னு சொல்றேன்: படிப்பகத்துக்கு வேண்டாம். இன்டெல் கார்டுக்கு லினக்ஸ் டிரைவரையே ஒரு இடைப்பலகை மேல ஓட்டறாங்க. ரொம்ப நாள் அது பழைய 11ஜி வேகத்துலதான் கிடந்துச்சு. 2025ல வந்த 14.3 வெர்ஷன்லதான் அதுக்கடுத்த 11என், 11ஏசி வேகம் கிடைச்சுது. நான் அதுக்கு முன்னாடி வைஃபைபாக்ஸ்னு ஒண்ணு ஓட்டிட்டிருந்தேன். கார்டை ஒரு குட்டி லினக்ஸ் மெய்நிகர் கணினிக்குக் கொடுத்து, அது வழியா நெட் வாங்கறது. எனக்குப் பிடிக்கும், பிள்ளைங்களுக்கு வேண்டாம்.

வியாசை_படிப்பகம்:
எல்லாருக்கும் நன்றி. ரியல்டெக் மூணும் சரியாயிடுச்சு. தரமணி அண்ணா சொன்ன ரெண்டு மாற்றமும் பண்ணினேன், நேத்து சாயந்திரம் முழுக்க ஒருதடவைகூட அறுக்கல. இப்ப பிராட்காம் நாலு. எந்தக் கார்டு கேட்டு வாங்கணும்?

தரமணி_டக்ஸ்:
அடியில மூடியைக் கழட்டி ஸ்லாட்டைப் பாருங்க. 43142 பெரும்பாலும் பாதி அளவு மினி பிசிஐஇ கார்டா இருக்கும். அப்படின்னா இன்டெல் 7260எச்எம்டபிள்யூ கேளுங்க, ரெண்டு பேண்டும் வரும், ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர். சின்னதா எம்.2 ஸ்லாட்டா இருந்தா 7265 இல்ல 8265, கடைசியில என்ஜிடபிள்யூன்னு போட்டது.

எம்.2ல ஒரு பொறி இருக்கு. 9560, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 மூணும் பார்க்க அச்சு அசல் மத்த கார்டு மாதிரியே இருக்கும், ஸ்லாட்லயும் உக்காரும். ஆனா அது அரைக் கார்டுதான். மீதி பாதி இன்டெல் பிராசசர் பக்கம் இருக்கு, சிஎன்விஐன்னு சொல்லுவாங்க. அதுக்குன்னு செஞ்ச இன்டெல் போர்டு தவிர வேற எதுலயும் உயிர் வராது. 9260, ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 முழுக் கார்டு, அதுங்க பரவாயில்ல. ஏஎக்ஸ்210க்கு மட்டும் 5.10 கர்னலாவது வேணும்.

ஆன்டெனா வயர் எத்தனைன்னும் எண்ணுங்க. ஒத்தை ஆன்டெனாவோட வந்த லேப்டாப்ல ரெட்டைக் கார்டு போட்டா ஓடும், ஆனா முழு வேகம் வராது. மினி பிசிஐஇ கனெக்டரும் எம்.2 கனெக்டரும் அளவு வேற, ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போட அழுத்தாதீங்க.

ரிச்சித்தெரு_ரிப்பேர்:
7260 செகண்ட்ஸ்ல சில நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும் சார். பழைய ஆபீஸ் லேப்டாப் சிலதுல, மெஷினை எழுப்பற பயாஸ் மென்பொருள்லயே அனுமதிச்ச கார்டுகளோட பட்டியல் வெச்சிருப்பான். அந்தப் பட்டியல்ல இல்லாத கார்டைப் போட்டா பூட்டே ஆகாது. முதல்ல ஒண்ணு மட்டும் வாங்கிப் போட்டுப் பாருங்க, அப்புறம் மீதி.

வியாசை_படிப்பகம்:
ஒண்ணு வாங்கினேன். ரெண்டு வயர் இருந்துச்சு, கறுப்பும் வெள்ளையும். பழைய கார்டுல கறுப்பு மட்டும் மாட்டியிருந்தாங்க, வெள்ளை டேப் சுத்தி ஓரமாக் கிடந்துச்சு. பத்தாவது படிக்கிற பொண்ணு ஒருத்திதான் மாட்டினா. கனெக்டரை நேரா மேல வெச்சு நகத்தால அழுத்தினா 'டிக்'னு உக்காருது, சாய்ச்சு அழுத்தினா வழுக்குது. ஸ்க்ரூ போட்டு ஆன் பண்ணின உடனே 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் வந்துடுச்சு. எந்த டிரைவரும் போடல.

அதே கார்டை அடுத்த மாடல்ல போட்டேன். அனுமதி இல்லாத வயர்லெஸ் கருவின்னு திரையில போட்டு நின்னுடுச்சு. நாலுல ரெண்டு அந்த மாடல். அதுக்கு என்ன பண்றது?

லேப்_நிர்வாகி_கிண்டி:
பயாஸை மாத்தி எழுதற வேலைக்கெல்லாம் போகாதீங்க, போர்டு போயிடும். அந்த ரெண்டுக்கு மட்டும் டாங்கிள். மீடியாடெக் எம்டி7610யூ, எம்டி7612யூ ரெண்டும் கர்னலுக்குள்ளயே எம்டி76 டிரைவர்ல இருக்கு, 4.19லேர்ந்து. ரியல்டெக்தான் கிடைக்குதுன்னா 8821சியூ, 8822பியூ. இதுங்க 6.2லேர்ந்து உள்ள வந்துடுச்சு, உங்க 6.8ல ஓடும்.

மீடியாடெக்னு பேர் இருந்தா போதும்னு நினைச்சுடாதீங்க. சில மலிவு லேப்டாப்ல வர்ற எம்டி7902 சிப், அண்ணன் தம்பி மாதிரி இருக்கற எம்டி7921 ஓடற கர்னல்லயே நெடுங்காலம் டிரைவர் இல்லாம கிடந்துச்சு. சிப் நம்பர் முழுசா பார்க்கணும். ஒவ்வொரு லேப்டாப் அடியிலயும் சிப் பேர், டிரைவர் பேர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டிடுங்க. அடுத்து யார் பார்த்தாலும் நேரம் மிச்சம்.

தரமணி_டக்ஸ்:
ரவுட்டர்லயும் ஒண்ணு பார்த்துடுங்க. 2.4 சேனலைத் 'தானியங்கி'ன்னு விட்டா சிலது 12, 13க்குப் போயிடும். அமெரிக்கக் குறியீட்டோட வந்த கார்டுகளுக்கு அந்தச் சேனல் கண்ணுக்கே தெரியாது. நம்ம ஊர்ல 13 வரைக்கும் அனுமதி உண்டு, ஆனா கார்டுக்கு அது தெரியாதே. 1, 6, 11ல கூட்டம் குறைஞ்சது எதுவோ அதுல நிறுத்துங்க. ஏதெரோஸ் அஞ்சும் 2.4ல, மத்ததை எல்லாம் 5ல. ரெண்டுக்கும் வேற வேற பேர் வெச்சுடுங்க, மெஷின் தானா 2.4க்குத் தாவாது.

வியாசை_படிப்பகம்:
பேர் பிரிச்சுட்டேன். ஸ்டிக்கர் வேலையைப் பசங்ககிட்ட விட்டிருக்கேன், கட்டளையை அவங்களே ஓட்டிப் பார்த்து எழுதறாங்க. கணியன் ஐயா, நீங்க சொன்ன வகுப்பை வர்ற வாரம் நீங்களே வந்து எடுக்க முடியுமா?

கட்டற்ற_கணியன்:
மகிழ்ச்சியோடு வருகிறேன். என்னிடமுள்ள ஏஆர்9271 டாங்கிளையும் கொண்டுவருகிறேன். படிப்பகத்திலேயே இருக்கட்டும்.

ரிச்சித்தெரு_ரிப்பேர்:
சார், இன்னொரு 7260 எடுத்து வெச்சிருக்கேன். எம்டி7610யூ டாங்கிள் ரெண்டும் மின்ட்லயே சொருகிப் பார்த்துட்டேன், உடனே வந்துச்சு. வரும்போது அந்த நாலாவது மெஷினையும் கொண்டு வாங்க, இங்கயே மாட்டித் தர்றேன். மாட்டுறதுக்குக் காசு வேண்டாம்.